பெரிசாக்கி ஒரு கொப்பி

களுவாஞ்சிகுடி பஸ் தரிப்பிடத்துக்கு எதிர்க்கடை.
கொப்பி, பக்கம் இருபது ரூபா.
வெளிநாட்டுக் கடுதாசிக்குத் தனி விலை இல்லை,
வெளிச்சத்தை மட்டும் கொஞ்சம் கூட்டி வைப்பேன்.
கறுத்துப் போனால் ஆளைத் தெரியாது.

துஷாந்தினி குருமண்வெளியில் பாதை இறங்கி
ஈரச் செருப்போடு வருகிறாள்.
இது ஐந்தாம் தடவை.
கேதாரனின் பாஸ்போட்டைக் கொப்பி எடுக்கவேணும்.
பாஸ்போட் அவளிடம் இல்லை, அதன் கொப்பிதான்.
அசல் கொரியாவில்,
முதலாளியின் லாச்சிக்குள்.

கொப்பியில் எடுத்த கொப்பியில் எடுத்த கொப்பி.
முதலில் மீசை போனது.
போன மாசம் கண்கள்.
இன்று கண்ணாடியில் கவிழ்க்கும்போது
நெற்றி மட்டும் மிச்சம்,
கோடை ஆத்தங்கரையில் உப்புப் பூத்த மாதிரி.
இலக்கம் தேயவே இல்லை.
ஏழு எண்ணும் அப்படியே நிற்கின்றன.

மெஷின் சூடாகும் வரைக்கும் கதைப்பாள்.
கடலுக்குள் கயிறு கட்டிச் சிப்பி வளர்க்கிறார்களாம்.
மண்டூர் ஆத்தில் இறால் பிடித்தவனுக்குக்
கயிறு புதிசில்லை,
பனிதான் புதிசு.
விஞ்சில் பெருவிரல் போனது.
முழுசாக இல்லை, நகத்தோடு பாதி.
வேற இடத்துக்கு மாறப்போறன் என்றானாம்.
அதற்கு முதலாளி கையொப்பம் வைக்கவேணுமாம்.

ஆரை விட்டுப் போகவேணுமோ
அவருடைய கையொப்பம்.

நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை.
மறுகா அவளும் சிரித்தாள்.

பைக்குள் இருந்து புத்தகம் ஒன்றை எடுத்தாள்,
போகமுன் பயிற்சியில் குடுத்தது.
சட்டத்தைத் தமிழில் போட்டவர்
அவசரத்தில் போட்டிருக்கிறார்,
ஒரு வசனம் பாதியில் நிற்கிறது,
ஒரு பக்கம் தலைகீழ்.
மடித்த ஓரத்தை விரித்தாள்.
‘இந்த ரெண்டு வரி மட்டும் கா. பெரிசாக்கித் தா.’

வேலை வழங்குநர் ஊழியரின் கடவுச்சீட்டைத்
தம்வசம் வைத்திருத்தல் ஆகாது.

இருநூறு வீதம் போட்டேன். காணாது என்றாள்.
நானூறு.
மரண அறிவித்தல் நோட்டீசு அளவுக்கு எழுத்து,
கடைசியில் ‘ஆகாது’ மட்டும்
ஒரு சாண் அகலம்.
சுவரில் பிடித்தாள், படம் எடுத்தாள், அனுப்பினாள்.
பஸ் ஒன்று கல்முனைக்குப் போனது.
ரெண்டு கோடும் நீலமாச்சு.

பதில் குரலாக வந்தது, காத்து இரைச்சலோடு:
‘கொள்கலனுக்க ஒட்டிப்போட்டன்.
இவனுகளுக்குத் தமிழ் ஏலா.
ஒருத்தன் நேபாளம், ரெண்டு பேர் கம்போடியா,
ஒரு பர்மாக்காரப் பொடியன்.
ஆனா பெரிசா இருக்கிறதால
ஏதோ இருக்கெண்டு விளங்கிட்டு.
நேபாளக்காரன் தன்ர புத்தகத்தில அதே வரியைத் தேடுறான்.
பொலிகேர்ப் பெட்டியை வெட்டி எழுதப்போறானாம்.’
பிறகு இருமல். பிறகு,
‘புள்ள பள்ளிக்குப் போனாளா?’

அதை அவள் மூன்று தரம் கேட்டாள்.
அந்தப் பெர்மிட்டில்
பெண்சாதிக்கும் பிள்ளைக்கும் இடமில்லை.
அந்த வரியைப்
பெரிசாக்கச் சொல்லி அவள் கேட்கவில்லை.

நூற்றிருபது ரூபா. நான் நூறு வாங்கினேன்.
பாதைக்கு நேரமாச்சென்று ஓடினாள்.

மெஷினுக்குள் ஒரு பிரதி சிக்கிக் கிடந்தது.
இழுக்கக் கிழிந்தது.
‘ஆகாது’ என்னிடம் மிஞ்சியது.

இந்தக் கடையில் எனக்கு எட்டு வருசம்.
சேமலாப நிதிப் படிவத்தை
நாளுக்குப் பத்துப் பேருக்கு அடித்துக் குடுக்கிறேன்,
எந்தப் பெட்டியில் எதை எழுதுவது என்றும் சொல்கிறேன்.
என் பேரில் ஒரு துண்டு இல்லை.
நியமனக் கடிதம் என்று ஒன்று
கண்ணாடிக்கு மேலால் எத்தனையோ போய்விட்டது,
எல்லாம் மற்றவர்களுடையது.

ஆறு மணிக்கு முதலாளி காசு எண்ண வந்தார்.
மேசையில் கிடந்த துண்டைப் பார்த்து
‘என்ன ஆகாது?’ என்றார்.

ஒண்டுமில்லை என்று சொல்ல வாய் எடுத்தேன்.
மெஷின் இன்னும் சூடாக இருந்தது.